முப்பத்தெட்டு செகண்டு

கை வேணாம் சார். மூஞ்ச எடுத்துக்கோங்க. ஓடறது, குதிக்கறது, இன்னா வோணும்னாலும் எடுத்துக்கோங்க, நான் மாட்டேன்னே சொல்லல. நாளைக்கு கம்பெனில வந்து கைய மட்டும் கிட்டத்துல எடுப்பேன்றீங்க பாரு, அத்த மட்டும் வுட்டுடுங்க. வெக்கமா? எனுக்கா? இதே கெரவுண்டுல ஊரே குந்திக்கினு பாக்க சொல்ல கபடி ஆடனவ சார் நானு. வெக்கத்தலாம் ஏரியில கரைச்சி வுட்டு பத்து வருசம் ஆவுது.

தண்ணி பாட்லா? அங்க வெச்சிருங்க, அப்பால குடிக்கறேன்.

அதுவா, எம் பொண்ணு. ஏஞ்சலு. நாலாவது படிக்குது. அது தலைய வீடியோல காட்டிடாதீங்க சார், பேய் மாதிரி விரிச்சி வுட்டுக்கினு சுத்துது. சர்ச்சுக்கே அப்டித்தான் வந்துச்சி. எங்கம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிக்கிறாங்க, அவுங்க இருந்தா சட பின்னி வுட்டுருப்பாங்க. ஏய், கேமரா முன்னாடி வராத, போ அந்தாண்ட!

சரி, ஆன் பண்ணுங்க. காத்து ஏரியிலேர்ந்து அடிக்குது, மைக்குல கேக்காதா? சரி.

பேரு ஷீபா. அப்பா ஆல்பர்ட்டு, கயனி வேலக்கி போனவரு. சாலவாக்கம் பக்கத்துல ஊரு. காலைல நாலரைக்கு கம்பெனி பஸ்ஸு வரும், திருமுக்கூடல் பாலம் தாண்டி வாலாஜாபாத் வயியா போவும். கார்ல ஏசி காத்து வருதே ஒரு சின்ன ஜன்னலு, அத்த பொருத்தறதுதான் என் வேல. ஏயு க்ளிப்பு. ஒவ்வொண்ணையும் கட்டவெரலால அமுக்கணும், டக்குனு சத்தம் வரணும். ஏயும் முடிஞ்சா பக்கத்துல பவளத்துகிட்ட போவும், அவ நாலு ஸ்க்ரூ போட்டு தள்ளுவா. ஒரு ஷிப்டுக்கு அறுநூறு பீஸு.

இதுல வேகம்னா இன்னானு கேக்கறீங்க. மொதல்ல காலு சார். எல்லாரும் கையின்னு நெனைக்கிறாங்க, கெடையாது, காலுதான். ரெண்டு காலையும் ஊனி மரம் மாதிரி நின்னீங்கன்னா பத்து மணிக்கெல்லாம் இடுப்பு போயிடும். மேசைக்கு அடியில ஒரு கம்பி ஓடுது பாருங்க, அதும்மேல ஒரு கால தூக்கி வெச்சிக்கணும், நூறு பீஸுக்கு ஒருக்கா மாத்திக்கணும். முட்டிய பூட்டு போட்டாப்புல வெறப்பா வெக்கக் கூடாது. கபடில கோட்டாண்ட எப்டி நிப்போம், லேசா மடக்கி, எந்தப் பக்கம்னாலும் பாயறாப்புல? அப்டி.

அப்பால கண்ணு. கையப் பாக்கவே கூடாது. அடுத்த பீஸத்தான் பாக்கணும். கைக்கி வேல தெரியும், நீங்க மொறைச்சிக்கினே இருந்தா அதுக்கு பயம் வந்துடும். மூச்சு இருக்குதே, அத்த கண்டபடி வுடக் கூடாது. நான் ஒரு பீஸுக்கு ஒரு மூச்சு. வாய்க்குள்ளயே கபடி கபடின்னு சொல்லிக்குவேன், ஒர்த்தருக்கும் கேக்காது. லைன் லீடரு ஜெயம்மா, நான் ஜெபம் பண்றேன்னு நெனச்சிக்கினு ரொம்ப நாளு என்னக் கண்டா மரியாதயா நவுந்து போவாங்க. நானும் அத்த சொல்லிக்கல.

சிரிக்காதீங்க சார், ஆடுது பாருங்க கேமரா.

சாப்பாடா? பஸ்ல ஏறச் சொல்ல இட்லி தின்னுட்டு ஏறுனா வாலாஜாபாத் தாண்றதுக்குள்ள தூக்கம் கண்ணக் கட்டும். நான் கேவுரு கூயு. கரைச்சி ஒரு சொம்பு, ஒரு பச்ச வெங்காயம், தீந்துச்சி. பத்து மணி நாஷ்டா வரைக்கும் தாங்கும். வூட்டுக்கு வந்து கால செவுத்துமேல தூக்கி வெச்சிக்கினு பத்து நிமிசம் படுக்கணும், அந்த பத்து நிமிசத்துல போனு நோண்டக் கூடாது. தூக்கம் ஆறு மணி நேரமாச்சும் வோணும். எங்க கோச்சு ஏசுதாஸ் சாரு சொல்லுவாரு, ப்ராக்டீசு உடம்ப ஒடைக்கிது, தூக்கந்தான் ஒட்ட வெக்கிதுன்னு. நல்ல மனுசன். அவரு சொன்னத கம்பெனில போயி செஞ்சேன் பாருங்க, அங்கதான் வந்துச்சி வெனை.

தண்ணி... ம், தண்ணி குடிக்கணும். நெறைய. நீங்களே கேண்டீன்ல போர்டு மாட்டிக்கிறீங்களே, ஒரு பொம்பள கிளாஸோட சிரிக்கறா, மூணு லிட்டர்னு போட்டு. சார், அத்த கொஞ்சம் ஆப் பண்றீங்களா? ஒரே நிமிசம்.

பண்ணிட்டீங்களா? மெய்யாலுமா? அந்த செவப்பு புள்ளி போயிடுச்சா? சரி.

எங்க லைன்ல ஒர்த்தியும் தண்ணி குடிக்கறது இல்ல சார். பாத்ரூம் போனா நாலு நிமிசம். நாலு நிமிசம்னா ஆறு பீஸு. வந்து நின்னா மேசைமேல குமிஞ்சிக் கெடக்கும், ஜெயம்மா வாட்ச்ச பாப்பாங்க. அதுக்கு வாய காயப் போட்றதே மேலு. பவளத்துக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலோட நின்னா. அந்தப் போர்டுக்கு கீயதான் நின்னா, அந்தப் பொம்பள சிரிச்சிக்கினே இருந்தா.

இதுக்கெல்லாம் காரணம் யாருன்றீங்க? நாந்தான். இல்ல சார், சும்மா சொல்லல, கேளுங்க.

நான் சேந்து மூணாவது வாரம். அப்போ ஒரு பீஸுக்கு அம்பத்தஞ்சி செகண்டு. ஒரு நாளு டை கட்டிக்கினு ஒர்த்தரு வந்து பின்னால நின்னாரு, கையில ஸ்டாப் வாட்ச்சு. வாட்ச்சுக்காரன் வந்தா இன்னா செய்யணும்னு லைன்ல எல்லாருக்கும் தெரியும். கைய பொத்துனாப்புல வெச்சிக்கினு மெதுவா செய்யணும். அவன் எத்த எய்திக்கினு போறானோ அதான் நாளைக்கி எல்லார் தலையிலயும் வந்து குந்தும். ஜெயம்மா இருமறாங்க, பவளம் காலால என் கால மிதிக்கிறா. எனுக்கு யாரும் சொல்லி வெக்கல சார். மூணு வாரந்தானே ஆச்சி, மறந்துட்டாங்க.

நான் எதுல வளந்தவ? கபடில ரைடுக்கு முப்பது செகண்டு. விசில் ஊதி வாட்ச்ச அமுக்கிட்டா போயி தொட்டுட்டு வந்துடணும், இல்லன்னா அவுட்டு. எட்டு வருசம் இதான். எனுக்குப் பின்னால வாட்ச்சு டிக்குனு அமுங்குன சத்தம் கேட்டதுதான், உடம்பு தன்னால ஓடுது. பவளம் மிதிக்கிறாளா, அடிச்சி ஆடுன்னு சொல்றான்னு நெனச்சிக்கினேன். ஜெயம்மா இருமறது எனுக்கு கைதட்றாப்புல கீது. ஏயு க்ளிப்பு, டக்கு டக்கு டக்குனு, முப்பத்தெட்டு செகண்டு. அந்தாளு வாட்ச்ச தட்டிப் பாத்தாரு. இன்னொருக்கான்னாரு. இன்னொருக்காவும் முப்பத்தெட்டு. நான் திரும்பி பல்லக் காட்டி சிரிச்சேன் சார். கப்பு ஜெயிச்சவளாட்டம்.

ஒர்த்தியும் சிரிக்கல.

அடுத்த திங்கக்கெயம நாப்பத்திரெண்டுன்னு போர்டு மாட்டிட்டாங்க. நாலு லைனுக்கும். கல்பனான்னு ஒர்த்தி, மாசமா இருந்தா, ஒரு மாசம் பல்லக் கடிச்சி நின்னுட்டு எய்தி குடுத்துட்டு போயிட்டா. போவச் சொல்ல என்ன ஒண்ணும் திட்டல, நல்லா ஆடுவ போல கீதுன்னா. அவ்ளோதான். பவளம் ரெண்டு மாசம் எங்கிட்ட பேசல. எப்டி பேசுவா? எங்கம்மா பவளம் வூட்டு கயனில நாத்து நட்டவங்க சார். அந்த வூட்டுப் பொண்ணும் நானும் ஒரே மேசையில நிக்கறோமேன்னு எனுக்கு உள்ளுக்குள்ள ஒரு பெரும வேற இருந்துச்சி. அந்தப் பொண்ணு வாயில மண்ணள்ளிப் போட்டது நானு.

அப்பால மெதுவா செய்ய வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க. செஞ்சா? முப்பத்தெட்டுல செய்றவ ஏன் இன்னிக்கி அம்பதுல செய்றான்னு கேப்பாங்க. வேகமா செஞ்சா இன்னும் இறுக்குவாங்க. நாலு வருசமா நாப்பத்தியொண்ணு, நாப்பத்திரெண்டுன்னு ஒட்டிக்கினு கீறேன். போன மாசம் உங்க மேடம் கூப்ட்டாங்க. ஷீபா, வீடியோ எடுக்கறோம், நீ சொல்ற டிப்ஸத்தான் எல்லா புதுப் பொண்ணுங்களுக்கும் போட்டுக் காட்டப் போறோம், நல்லா வந்தா ஒன்ன ட்ரெய்னரா போட்டுட்றோம், லைன்ல நிக்க வேணாம், பேசனா போதும்னாங்க. எனுக்கு அயுகையே வந்துச்சி சார். வாயால பொயப்பு! இந்த வாயி எதுக்கு கீது பின்ன? சரிங்க மேடம்னு தலைய ஆட்டிட்டு வந்து பாத்தாதான் தெரியுது, அந்த வீடியோல கடேசில முப்பத்தெட்டு செகண்டு, கை மட்டும், கட் பண்ணாம, ஒரு முயு பீஸு. அத்த செஞ்சாத்தான் லைன்லேர்ந்து வெளிய வர முடியும்.

அதான் காலைலேர்ந்து உங்கள பேஜார் பண்ணிக்கினு கீறேன்.

இல்ல சார், ப்ராக்டீசு வுட்டுப் போச்சின்னு இல்ல. இல்ல, டைமும் வோணாம். நாலு நாளு தள்ளி வெச்சாலும் அதே கததான்.

இன்னா, கபடில எதிர் டீமு புடிச்சிட்டா இன்னா பண்ணணும்னா? இதுவும் வீடியோக்கா? இன்னும் ஆன் பண்ணாதீங்க, சும்மா சொல்றேன். நல்ல கேள்விதான். நாலு பேரு மேல வியுந்து அமுக்கிட்டாலும் மூச்ச வுடக் கூடாது. கைய நீட்டி நடுக்கோட்டத் தொடணும், ஒரு வெரலு நுனி பட்டாக்கூட போதும், அமுக்கனவன் மொத்த பேரும் அவுட்டு. நான் எத்தினி தடவ அப்டி தப்பிச்சிருக்கேன். செஞ்சி காட்றதா? வோணாம் சார். சொன்னாலே புரியுதில்ல.

நான் ஒண்ணு சொல்லட்டா? நாளைக்கி பவளம் கைய எடுத்துக்கோங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நீல க்ளவுசு, ஒரே சைசு. முயங்கைக்கு மேல காட்டாதீங்க, யாரு கண்டா? பொய்யின்றீங்களா? நான் ஒண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க, எங்க லைன்ல இன்னிக்கி ரொம்ப வேகமான கை அவுளுது. அவ முப்பத்தஞ்சிலயே முடிப்பா. யாரும் வாட்ச்சு வெச்சிப் பாக்கல, அதான் தெரியல. நான் அவகிட்ட கேட்டுட்டேன். மொதல்ல வாயில வந்தபடி திட்னா. அப்பால, நீ ட்ரெய்னரா போனாவாச்சும் புதுசா வர்ற புள்ளைங்களுக்கு வாட்ச்சுக்காரன் வந்தா இன்னா செய்யணும்னு மொத நாளே சொல்லி வெய்யி, அதுக்குன்னா வரேன்னா.

ஏன் என் கை ஆவாதுன்னு தானே கேக்கறீங்க.

நாக்கு ஒட்டிக்கிது சார், காலைலேர்ந்து பேசிக்கினே கீறேன். அந்தத் தண்ணி பாட்லு மூடிய கொஞ்சம் தொறந்து குடுங்களேன்.

வெளாட்டு இல்ல சார். சீலு போட்ட மூடி என்னால திருக முடியாது. கட்டவெரலு மரத்துப் போயி ஆடி மாசத்தோட ஒரு வருசம் ஆவப் போவுது, பக்கத்து ரெண்டு வெரலும் கூடவே போச்சி. ஊசி குத்தனாலும் தெரியாது. வெரல் முட்டியால அமுக்கி அமுக்கி நாலு க்ளிப்பு போட்றேன், மிச்சம் மூணையும் பவளந்தான் போட்றா, அவ ஸ்க்ரூவும் போட்டுக்கினு. மொத நாளு நான் போடாம வுட்டத பாத்தா, அவளே அமுக்கி அனுப்பனா. ஏன்டின்னு கேட்டதுக்கு, ஒன்னத் தூக்கிட்டு புதுசா ஒர்த்திய போடுவான், அவ கத்துக்கற வரைக்கும் நாங்கதான் சாவணும், நில்லுடீன்னா. ஜெயம்மாக்கும் தெரியும், அந்தப் பக்கம் வாட்ச்ச பாக்கறாப்புல திரும்பிக்குவாங்க. டாக்டர்கிட்ட போயி சீட்டு வாங்கனா கம்பெனிக்குத் தெரியும், அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. பொண்ணு தலைய பாத்தீங்க இல்ல? மூணு பிரி முடிய புடிச்சி பின்ன முடியல சார் எனுக்கு. அதுக்கும் தெரியும், அதான் கேக்கறது இல்ல.

குடுங்க, ரெண்டு கையாலயும் புடிச்சிக்கறேன். ஊத்தாது.

நாளைக்கி யாரு கைய எடுப்பீங்கன்னு இப்ப சொல்லாதீங்க சார். காலைல பஸ்ல ஏறற வரைக்குமாச்சும் நான் தெரியாம இருந்துட்டுப் போறேன்.

அப்பா... இப்பத்தான் உசுரு வந்துச்சி. ஆன் பண்ணிக்கோங்க. எங்க வுட்டேன்? தண்ணிதானே. சொல்றேன், ஒயுங்கா எடுத்துக்கோங்க. வேலைல நின்னாலும் ஆட்டத்துல நின்னாலும், நெறைய தண்ணி குடிக்கணும்.