இங்கே மை கிடையாது

டெக்சாஸ் மாநிலத்தின் பிளானோவில் ஓட்டுப் போட நின்ற வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்த் தம்பதி. சிட்டிசன் ஆனபின் இருவருக்கும் முதல் ஓட்டு.

"இதே டெக்சாஸ்லேர்ந்து வந்த ஒரு பிரசிடென்ட் அன்னிக்கு சைன் பண்ணலைன்னா நம்மளை இந்த நாட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க," என்றார் மனைவி.

"எதுல சைன் பண்ணார்?"

"அறுபதுகள்ல வந்த இமிக்ரேஷன் சட்டம். கறுப்பினத்தவங்க ஓட்டுரிமைக்கும் அவர்தான் சைன் பண்ணார்."

"வியட்நாமுக்குப் பசங்கள சாக அனுப்பினதும் அதே கைதானே?"

"அதுக்குத்தாங்க நிக்கிறேன். நல்லது பண்ண கை கெட்டதும் பண்ணும். நாமதான் பார்த்துட்டே இருக்கணும்."

"வெயில் கொளுத்துது. இங்கதான் இன்னும் நாலு நாள் ஓட்டுப் போடலாமே, நாளைக்கு வரலாமே?"

"நீங்க கார்ல உக்காருங்க. நான் போட்டுட்டுதான் வருவேன்."

கணவர் நகரவில்லை.

உள்ளே பெயரைச் சரிபார்த்ததும் மனைவி இடது ஆள்காட்டி விரலை நீட்டினார். மேசையில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இங்க மை கிடையாதும்மா," என்று கணவர் சிரித்தார்.

ஓட்டுப் போட்டு வெளியே வரும்போது 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று எழுதிய ஸ்டிக்கர் ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

"அதை சட்டையில ஒட்டணும்," என்றார் கணவர்.

"தெரியும்," என்ற மனைவி, அதை அந்த விரலிலேயே சுற்றி ஒட்டிக்கொண்டார்.