இடி தன் குரலைத் தாழ்த்திய கதை

அவையை அன்பால் கட்டி ஆளும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் பெரியோர்களே, வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, என்னைவிட இசை தெரிந்த இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த பேஸ் கிட்டார்காரனின் பணிவான வணக்கம்.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவன் நான். பேசத் தெரியாது. ஆனாலும் கூப்பிட்டுவிட்டீர்கள், அனுபவியுங்கள்.

இன்று நாம் பாராட்டும் ராப் ராக் ஆல்பத்தைப் பாடியவர் என் தங்கையின் கணவர். நீங்கள் அவரை ‘இடி’ என்கிறீர்கள், நான் மாப்பிள்ளை என்கிறேன். பேருந்தில் ஒலிக்கிறது அவர் பாட்டு, தேநீர்க் கடையில் ஒலிக்கிறது, தெருமுனையில் ஒலிக்கிறது. ஆனால் யாரை நினைத்துப் பாடினாரோ, அவள் இந்த அரங்கில் இல்லை. கடல் கடந்த மருத்துவமனை ஒன்றில் என் தங்கை நர்ஸ். ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. இன்னும் இரண்டு ஆண்டு இருக்கச் சொல்கிறார்கள். நாளை அவள் பதில் சொல்ல வேண்டும். வருவாளா, அங்கேயே இருப்பாளா? எங்கள் வீட்டில் இப்போது இந்த ஒரே பேச்சுதான்.

விழா மேடையில் வீட்டுக் கதை எதற்கு என்கிறீர்களா? என்ன செய்வது, ஆல்பமே வீட்டில்தான் பிறந்தது.

மாப்பிள்ளைக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. விடியற்காலை போனால் மதியம் திரும்புவார். அதுவரை அவர்கள் மகள் பாப்பா என் மனைவியிடம். தங்கை புறப்பட்டபோது அந்தக் குழந்தைக்கு நடக்கவே வராது. அப்பா தோளில்தான் தூங்குவாள், கீழே கிடத்தினால் கண்ணைத் திறந்துவிடுவாள். டிரம்ஸ் வாசிப்பவர் ஒத்திகைக்கு ஒரு மாதிரிப் பதிவு கேட்டார். மாப்பிள்ளை அந்தப் பிற்பகல்களில் பாடிவைத்தார். தோளில் குழந்தை தூங்கும்போது இடி எப்படி இடிக்கும்? அடுக்கடுக்காய், அதிவேகமாய், ஆனால் அடிக்குரலில் பாடினார்.

“இது சும்மா அளவு பாக்கத்தான் மச்சான். ஸ்டூடியோல கிழிச்சிடலாம்” என்றார்.

கிழித்தார் ஐயா, கிழித்தார். கத்தினார், கர்ஜித்தார், கதவு அதிரப் பாடினார். ஒலிப்பதிவு செய்த அம்மையார் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

“என்னங்க, சரியா வரலையா?”

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா யார்கிட்டயோ சண்டை போடற மாதிரி இருக்கு. நீ எப்ப வருவேன்னுதானே பாட்டுல கேக்கறீங்க? அதை யாராவது இப்படிக் கேப்பாங்களா?”

மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார். மறுபடி பாடினார், வரவில்லை. மறுநாளும் பாடினார், வரவில்லை. கடைசியில் அந்த அம்மையார் வீட்டுப் பதிவை எடுத்து எங்கள் வாத்தியங்களுக்கு நடுவில் வைத்தார். அடடா, என்ன சொல்வேன். கிட்டார் உறுமுகிறது, டிரம்ஸ் முழங்குகிறது, அத்தனை இரைச்சலின் நடுவே ஒரு மனிதன் மெல்லக் கேட்கிறான். நீங்கள் உருகியது அந்தக் குரலுக்குத்தானே?

ஒரே ஒரு குறை. வரிக்கும் வரிக்கும் இடையில் சின்னதாய் ஒரு மூச்சுச் சத்தம். “எடுத்துடவா?” என்று கேட்டார் அவர்.

“வேணாங்க, இருக்கட்டும். அது பாப்பா” என்றார் மாப்பிள்ளை.

பின்னால் ஒரு தம்பி பாட்டைப் போடச் சொல்கிறார். போடுவோம் தம்பி, இந்த அண்ணனைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பம் வெளிவந்த அன்றே தங்கைக்கு அனுப்பினோம். ஊரார் ராப்பைக் கேட்டார்கள், தாளத்தைக் கேட்டார்கள். என் பேஸ் கிட்டாரை வழக்கம்போல் யாரும் கேட்கவில்லை, சிரியுங்கள், பரவாயில்லை. அவள் காதில் விழுந்தது எது தெரியுமா?

“அண்ணா, பாட்டைப் பத்தி அப்புறம் பேசலாம். பாப்பாவுக்கு மூக்கு அடைச்சிருக்கே. நெஞ்சுல சளி கட்டியிருக்கு போல. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“அது பதிவு பண்ணப்ப இருந்த சளிம்மா. எப்பவோ சரியாயிடுச்சு. இப்ப ஓடி விளையாடறா.”

அதற்கு அவள் சொன்னாள், “சளி வந்ததும் எனக்குத் தெரியல, போனதும் தெரியல.”

தாய்மார்களே, ஊரார் மூச்சையெல்லாம் பக்கத்திலிருந்து கேட்கும் காது, பெற்ற பிள்ளையின் மூச்சைப் பாட்டில் கேட்க வேண்டுமா? ஊரார் நெற்றியையெல்லாம் தொட்டுப் பார்க்கும் கை, பெற்ற பிள்ளையைத் தொடாமல் இருக்க வேண்டுமா? நீங்கள் தட்டும் கைதட்டல் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு என் தங்கை வேண்டும். அவளைப் பார்க்காமல் ஏங்கிப் போயிருக்கிறேன்.

மாப்பிள்ளை, பாப்பா தோளில் தூங்கட்டும், இன்னொரு கையில் இருக்கும் போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள். ஆமாம், அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

“தங்கச்சி, அண்ணன் பேசறேன். நாளைக்கு அவங்க கேட்டா, ஊருக்குப் போறேன்னு சொல்லிடு. நேத்துலருந்து பாப்பாவுக்கு மறுபடி சளி. பயப்படாதே, சாதாரணச் சளிதான். உன்கிட்ட சொல்ல வேணாம்னு மாப்பிள்ளை சொன்னாரு, நான் சொல்லிட்டேன். இது நீ வர்றதுக்குள்ள போயிடும். அடுத்த சளிக்காவது நீ வீட்ல இருக்கணும்மா.”

இந்தக் குடும்பக் கதைக்கும் செவி கொடுத்த சபைக்கு நன்றி சொல்லி, எல்லோரையும் வணங்கி அமர்கிறேன்.