மொட்டைக்கு முளைத்த முடி

அன்று எங்கள் பெயின்ட் கம்பெனி அலுவலகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள் குட்டிம்மா, அவள் கட்டிக்கொள்ள நினைத்த பையன். சர்வர் பார்க்கிறவர் என்று முதலில் குட்டிம்மா சொன்னபோது, எந்த ஓட்டலில் என்று கேட்டேன். நான் ஒருவன்தான் சிரித்தேன். ஆனால் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எங்கள் மின்னஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொண்டவன் அவன். மின்னஞ்சல் முகவரி தவிர அவனுக்கு வேறு முகவரி கிடையாது. எங்கள் குடும்பத்துக்கு அது போதாது.

அவனைப் பற்றி மொட்டைக் கடிதங்கள் மின்னஞ்சலில் வந்துகொண்டிருந்தன. ஒருவரும் நம்பவில்லை.

"மொட்டைத் தலையில ஒரு முடியாவது நடுப்பா," என்றேன்.

"நடலாம் பெரியப்பா." அதற்குள் பெரியப்பா. "சர்வர் செட்டிங்ல ஒரு வரி மாத்தினா போதும். மேல எந்தப் பொய்ப் பேரைப் போட்டாலும், யார் கணக்குல நுழைஞ்சு அனுப்பினாங்கன்னு மடலோட தலைப்பகுதியில தானா விழுந்துடும்."

"யார் கணக்கோ அவங்கதான் ஆளு?"

"சந்தேகமே வேணாம்."

எல்லோர் முன்னாலும் அதை அவன் வாயால் கேட்டபோது, எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வரியை அவன் மாற்றினான். அவன் கணக்கின் கடவுச்சொல்லுக்கு நான் மெனக்கெடவே இல்லை. 'குட்டிம்மா' என்று அடித்தேன், திறந்துகொண்டது. விசில் அடிக்கத் தோன்றியது. என் வயதுக்கு அடக்கிக்கொண்டேன். முந்தைய மடல்கள் பையனைப் பற்றியவை. இந்த முறை குட்டிம்மாவைப் பற்றி, அவளோடு பழகிச் சலித்த ஒருவன் எழுதுவதுபோல எழுதி, உறவினர் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். குடும்ப மானத்தைக் காப்பாற்ற, அவள் மானத்தைக் கொஞ்சம் செலவழிக்க வேண்டியிருந்தது.

தம்பி தலைப்பகுதியைத் திறந்தான். பையனின் பெயர் பளிச்சென்று இருந்தது.

"உன்னைப் பெத்த புள்ளையா நெனச்சேனேடா," என்றாள் தம்பி மனைவி.

"நான் இல்ல குட்டிம்மா, சத்தியமா."

"யார் கணக்கோ அவங்கதான் ஆளுன்னு நீதானே சொன்னே?" என்றாள் அவள்.

அன்றே போய்விட்டான். குட்டிம்மா இப்போதெல்லாம் அறையை விட்டு வருவதில்லை; ஒருவரிடமும் பேசுவதில்லை. நல்ல அடக்கம் வந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பையன் அயோக்கியன், ஆனால் என்ன எழுத்து, ஒரு பிழை உண்டா என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. ஒற்று எங்கே மிகும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. எழுதியவன் நான்.