திரை அணையக் கூடாது

– நேத்துல இருந்து கூப்பிடறேண்ணா. போனை எடுத்தா கை வெந்துடுமா? ஆபீஸ் லேப்டாப் ஏன் அணைஞ்சு கிடக்கு?

– குட்டி, முதல்ல உட்காரு. எப்படிப் பேசறதுன்னு தெரியாமத்தான் எடுக்கல.

– உட்காரவாவது! வேலையே போச்சு. இப்பதான் மெயில் வந்துச்சு. 'ஊர்ல இருக்கறதா எங்களை ஏமாத்திட்டு வெளிநாட்டுல உட்கார்ந்திருக்கீங்க'ன்னு நேராவே எழுதிட்டாங்க. யாரு போட்டுக் கொடுத்தது?

– யாரும் போட்டுக் கொடுக்கலம்மா. உன் மேனேஜர் வீட்டுக்கு வந்தாரு.

– நம்ம வீட்டுக்கா? எதுக்கு?

– நீ பதிலே தரலைன்னு ஆபீஸ்ல இருந்து என் நம்பருக்குக் கூப்பிட்டாங்க. அப்படித்தான் ஆரம்பிச்சுது.

– எப்படித் தர்றது? லேப்டாப் அங்க நம்ம வீட்டு அலமாரியில. நான் இங்க இருந்துக்கிட்டே அதுக்குள்ள புகுந்து வேலை பார்க்கறேன். அவங்களுக்கு நான் ஊர்லயே இருக்கற மாதிரி தெரியணும், அதானே நம்ம ஏற்பாடு? திரை அணைஞ்சா நான் உள்ள போக முடியாது. அதுக்குத்தான் அம்மா, அடுப்படிக்குப் போறப்பவும் வர்றப்பவும் மவுஸை ஒரு தட்டு தட்டிட்டுப் போவாங்க. நேத்து மட்டும் என்ன வந்துச்சாம் அவங்களுக்கு?

– நேத்து அம்மா அடுப்படிக்குப் போகல.

– முட்டி வலின்னு படுத்துட்டாங்களா? எழுந்து ஒரு தட்டு தட்டினா என்ன குறைஞ்சு போகும்? என் குடித்தனமே அந்த ஒரு தட்டுலதாண்ணா நிக்குது!

– அம்மாவைத் திட்டாத குட்டி. இன்னைக்குத் திட்டாத.

– உனக்கென்ன, மோட்டார்ல ஒரு காயில் எரிஞ்சா வேற காயில் சுத்திக்குவ. என் பொழப்பு அப்படியா? அந்தக் கம்பெனி சம்பளத்தைக் காட்டித்தான் இந்த விசாவே வாங்கினேன். சம்பளம் நின்னா விசாவும் நின்னுடும். இந்த ஊர்ல ஒரு ஹோட்டல்ல டம்ளர் கழுவக்கூட எனக்கு அனுமதி இல்ல. வீட்டைக் காலி பண்ணணும், பாப்பாவை ஸ்கூல்ல இருந்து நிறுத்தணும். பயமா இருக்குண்ணா.

– அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். நீ இன்னைக்கே கிளம்பி வர முடியுமா?

– நல்லா கேட்ட போ! விசாவை நீட்டிக்கக் கொடுத்து, பாஸ்போர்ட் அவங்க ஆபீஸ்ல மாட்டிக்கிட்டு இருக்கு. இருக்கவும் வழியில்ல, கிளம்பவும் வழியில்ல. இருதலைக் கொள்ளி எறும்பாட்டம் நிக்கறேன்.

– அவசரம்னு எழுதிக் கொடுத்தா திருப்பித் தர மாட்டாங்களா?

– என்ன அவசரம்னு எழுத? வேலை போச்சுன்னா? அப்புறம் அவங்களே பிடிச்சுத் தள்ளிடுவாங்க. அங்க என்ன சத்தம்? நாற்காலி இழுக்கறாங்களா?

– ஆமா. ஆளுங்க வந்திருக்காங்க.

– பட்டறைக்கா? காத்திருக்கட்டும். ஆபீஸ்ல இருந்து கேட்டதும் நீ என்ன சொன்ன?

– அம்மா போயிட்டாங்கன்னு சொன்னேன்.

– அடப்பாவி! குத்துக்கல்லாட்டம் இருக்கறவங்களையா? உனக்கு வேற பொய்யே கிடைக்கலையா? எனக்குக் காய்ச்சல்னு சொன்னா வாய் சுட்டுடுமா?

– அந்த நேரத்துல எனக்கு எதுவும் தோணல.

– சரி, சொன்னதுதான் சொன்ன. அதுக்கு லீவு கொடுத்துட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே? அந்தாளு எதுக்கு வீடு தேடி வரணும்?

– நல்ல மனுஷன்மா. துக்கம் கேக்க வந்தாரு. கையில மலர்வளையம்.

– வாசல்லயே நிறுத்தி, 'அவ அழுது அழுது மயங்கிக் கிடக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?

– அதைத்தான் சொன்னேன். நம்பினாரு. உனக்காகக் கண்ணு கலங்கிட்டாரு.

– நம்பினாருன்னா அப்புறம் எப்படித் தெரிஞ்சுது? நீ உளறிக் கொட்டினதைக் கேட்டு அம்மா வெளிய வந்துட்டாங்களா?

– இல்ல. அம்மா பக்கத்துல நின்னுதான் பேசிக்கிட்டு இருந்தோம்.

– அம்மா பக்கத்துலயா? தன்னையே செத்துட்டாங்கன்னு சொல்றதைக் கேட்டுட்டு அவங்க சும்மாவா இருந்தாங்க?

– குட்டி...

– அம்மாகிட்ட போனைக் கொடு.

– பாப்பா பக்கத்துல இருக்காளா? யாராவது கூட இருக்காங்களா?

– போனைக் கொடுண்ணா. சத்தியமா திட்ட மாட்டேன். லேப்டாப்பைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

– வளையத்தை அம்மா கால்மாட்டுல வெச்சுக் கும்பிட்டாரு. அப்புறம் என் தோளைத் தொட்டு, 'எடுக்கறதுக்கு முன்னாடி உங்க தங்கச்சியைக் கைத்தாங்கலாவாவது கூட்டிட்டு வாங்க, பெத்தவ முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்கட்டும்'னாரு. நான் யாரைம்மா கூட்டிட்டு வருவேன்?