பேரிக்காய் சாம்பார்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை முடிந்து தாம்பரம் ரயிலில் வந்தேன். எதிரே பை நிறையப் பேரிக்காயோடு ஒரு அம்மா, பக்கத்தில் ஒரு பூக்காரி.

"இத்த சாம்பார்ல போடுவேன். வெல்லம் போட்டுப் பச்சடியும் பண்ணுவேன்," என்றார் அந்த அம்மா.

"பேரிக்காயப் போயி சாம்பார்லயா? கடிச்சுத் துன்றதுதானேக்கா."

"வூட்டுக்காரருக்குப் பல்லு இல்ல. வேக வெச்சாத்தான் சாப்புடுவாரு."

"இன்னிக்கும் அவருக்குத்தானா?"

"அவரு போயி ஒரு வருஷமாச்சு."

"அப்ப இனிமேலாவது கடிச்சுத் துன்னுக்கா."

"கடிச்சுப் பாத்தேன். யாருமில்லாத வூட்ல அந்தச் சத்தம் ரொம்பப் பெருசா கேக்குது. அதான் மறுபடியும் வேக வெச்சுகினு கீறேன்."

பூக்காரி அந்தப் பையிலிருந்து இரண்டு காய்களை எடுத்து முந்தானையில் துடைத்தாள். ஒன்றை நீட்டினாள்.

"தாம்பரம் வர வரைக்கும் ரயிலு சத்தம் போட்டுகினுதான் வரும். கடிச்சுத் துன்னுக்கா."