மேலிடத்துக்கு ஒரு பிரேக்

அந்த நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடும் சார். சுவரோரமாக நகர்த்தி உட்காருங்கள், நிற்கும். புதிது வாங்கலாம்தான். விசாரணைக் காலத்தில் எதையும் புதிதாக வாங்கி வைக்கக் கூடாது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. இன்னும் போகவில்லை.

வெளிநாட்டு எஃகுச் சுருள்கள்மேல் ஐந்து வருடத்துக்கு முன் அரசு போட்ட தடுப்பு வரி இந்த ஆண்டோடு முடிகிறது. நீட்டிக்கலாமா, எடுத்துவிடலாமா என்று கேட்டுவர உங்களை அனுப்பியிருக்கிறார்கள். எடுத்துவிட்டால் எங்கள் ஆலைக்குப் பழைய பாதிப்பு மறுபடி வருமா என்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முதலில் அந்தப் பழைய பாதிப்பு எப்படி உண்டானது என்று தெரிய வேண்டும். அதில் பாதி என் கைவேலை.

விலை விஷயத்தில் நாங்கள் பொய் சொல்லவில்லை. அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் ஊரில் விற்பதைவிடக் குறைந்த விலைக்கு இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். அவர்கள் அரசு மானியம் கொடுத்துத் தாங்கியது. ஆனால் விலை அநியாயம் என்று மட்டும் காட்டினால் வரி கிடைக்காது. அதனால் நாங்கள் நொடித்துப்போனோம் என்றும் காட்ட வேண்டும். அங்கேதான் இடித்தது. அடி பலமாகத்தான் விழுந்திருந்தது, ஆனால் நாங்கள் இன்னும் விழவில்லை. டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனதும் காய்ச்சல் விட்டுப்போகுமே, அந்த மாதிரி.

நான் ஆலையில் அடக்கவிலை பார்ப்பவன். அரசுக்கு மனு தயாரிக்கும் பொறுப்பும் என்னுடையதுதான். மேலாளர் கூப்பிட்டு, "தம்பி, நாம இன்னும் கொஞ்சம் மெலிஞ்சு தெரியணும்" என்றார். எங்கே மெலிவது என்பதை என்னிடம் விட்டுவிட்டார். விசாரணை முடிகிறவரை எந்தப் புதுச் சாமானும் கண்ணில் படக் கூடாது என்று நான்தான் யோசனை சொன்னேன். காசு இருக்கிறவன் பிரேக் மாற்றுவான், இல்லாதவன் தள்ளிப்போடுவான். பார்வையிட வருகிற அதிகாரிக்கு அது ஒன்றே போதும்.

பிரேக் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. உருட்டாலைக் கூடத்தில், தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் கிரேனுக்கு எப்போதோ சொல்லி வைத்த பிரேக், அந்த நேரம் பார்த்து மரப்பெட்டியில் வந்து இறங்கியது. பெட்டியைக் கிடங்கில் தேய்ந்த உருளைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். ஸ்டோரில் தார்ப்பாய் கேட்டால் எதற்கு என்பார்கள். வீட்டிலிருந்து ஸ்கூட்டர் உறையைக் கொண்டுபோய் மூடினேன். தீர்ப்பு வந்த மறுநாள் மாட்டிவிடலாம் என்பது ஏற்பாடு.

அந்தக் கிரேனை ஓட்டியது என் மனைவி.

கூடத்தில் அவளுக்கு 'மேலிடம்' என்று பெயர். மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பாள் அல்லவா. சுருள் நகரும்போது கீழே இருப்பவர்கள், "மேலிடத்து உத்தரவு, ஒதுங்குங்கப்பா" என்று கத்துவார்கள். வீட்டிலும் அவள் அந்தப் பதவியை விட்டுக்கொடுக்கவில்லை.

"ஏங்க, கிரேன் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றாள் ஒரு நாள், தலை துவட்டிக்கொண்டே. "நிறுத்தினா ரெண்டு தூண் தள்ளிப் போய்த்தான் நிக்குது. உங்களை மாதிரியே."

"நான் என்ன பண்ணேன்?"

"பக்கத்துக் கடைக்கு அனுப்பினா ரெண்டு தெரு தள்ளிப் போய் நிப்பீங்களே." சிரித்தாள். பிறகு சொன்னாள், "கைப்பிடியை எதிர்ப்பக்கம் முறுக்கித்தான் நிறுத்துறேன். கரண்ட் இருக்கிறவரைக்கும் சரி. மேலிடத்துக்கு ஒரு பிரேக் வேணும், கீழ இருக்கிற மகராசங்க மனசு வைக்கணும்."

"சொல்லியிருக்கு. இன்னும் வரலை."

"வந்தா உடனே அண்ணன்கிட்ட சொல்லுங்க. அரை நாள்ல மாட்டிடும்." அவள் அண்ணன் எங்கள் ஆலையிலேயே ஃபிட்டர். துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். "ஆமா, வண்டி உறை எங்க? சீட்டெல்லாம் நனைஞ்சு கெடக்கு."

"காத்துல போயிடுச்சு போல."

"என் பழைய யூனிஃபார்மைக் கிழிச்சு ஒட்டுப் போட்டு வச்சிருந்தேன். காத்துக்குக் குடுத்துட்டீங்களா?"

நான் கெட்டவன் இல்லை சார். வரி வராவிட்டால் ஆலையை மூடிவிடுவார்கள், அவள் வேலையும் போகும். அவளுக்காகவும்தான் செய்தேன். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணனிடம் ஓடுவாள், மதியத்துக்குள் பிரேக் ஏறிவிடும், மனு இறங்கிவிடும்.

அதிகாரிகள் வருகிற வாரம், காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு மேல ஏற வேணாம்னு இருக்குங்க" என்றாள். கிரேன் நின்றால் கூடமே நிற்கும் என்றேன். மெதுவாக ஓட்டு என்றேன்.

"மேலிடத்துக்கே உத்தரவா? நடக்கட்டும்" என்று கிளம்பினாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மின்சாரம் போனது. எதிர்ப்பக்கம் முறுக்கி நிறுத்த வழியில்லை. தானாகப் பிடிக்க வேண்டிய பிரேக் பிடிக்கவில்லை. கிரேன் போன வேகத்திலேயே போய் தண்டவாளத்தின் கோடியில் மோதியது. கூண்டு கழன்று விழுந்தது.

உங்கள் துறையினர் வந்தபோது அந்த இடத்தை நான்தான் காட்டினேன். பணமில்லாமல் தள்ளிப்போட்ட பராமரிப்பு என்றேன். பிறகு பொது விசாரணையிலும் பேசினேன். ஒவ்வொரு சாட்சியையும் குடைந்தெடுத்த இறக்குமதிக்காரர்களின் வக்கீல் என் முறை வந்ததும் எழுந்தார், என் முகத்தைப் பார்த்தார், கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். நான் நடிக்கவில்லை. தீர்ப்பில் அவளுக்கென்று ஒரு பத்தி இருக்கிறது. மலிவு இறக்குமதியால் ஆலை பராமரிப்பைக் கைவிட நேர்ந்தது, அதன் விளைவாக ஓர் உயிர் போனது. இப்போது கேட்டாலும் வரி பிசகாமல் சொல்வேன்.

தீர்ப்பு வந்த மறுநாள் பெட்டியை எடுக்க மச்சானை அனுப்பினார்கள். உறையைக் கழற்ற மறந்துவிட்டேன். நான் போய்ச் சேரும்போது அவர் அந்த நீல யூனிஃபார்ம் ஒட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

"மாப்ள, இது தங்கச்சி தச்சதுதானே?"

"ஆமா."

"அவ இருக்கும்போதே இங்க வந்துச்சா?"

"ஆமா மச்சான்."

உறையை நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிரேக்கை மாட்டினார். அரை நாள்கூட ஆகவில்லை. ஓட்டிப் பார்த்தார், நில் என்ற இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அவர் பிள்ளைகளும் இந்த ஆலைச் சம்பளத்தில்தான் படிக்கிறார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மச்சானுக்கும் தெரியாது. கூண்டு விழுந்துவிட்டது என்று ஆள் ஓடி வந்து சொன்னபோது, நான் கூடத்துக்கு ஓடவில்லை. கிடங்குக்கு ஓடினேன். பெட்டி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு மூலை விலகியிருந்தது, இழுத்துச் செருகினேன். பிறகுதான் கூடத்துக்குப் போனேன். அதுவரை அவளுக்கு மூச்சு இருந்ததாம். என்னைக் கேட்டாளாம்.

இதையெல்லாம் நான் கொன்றேன் என்று சொல்வதற்காகச் சொல்லவில்லை. கொன்றது யார் என்று உங்கள் துறையே இரு தரப்பையும் கேட்டு, விசாரித்து, முத்திரை வைத்துக் கொடுத்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த எஃகு. நான் தினமும் அதைத்தான் படித்துவிட்டுப் படுக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வரியை எடுத்தால் ஆலை எப்படியும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் அந்த எஃகின் மேல் குற்றமில்லை என்று ஆகிவிடுமே சார். அப்புறம் அந்தப் பழி யார் மேல் போய் உட்காரும்? நீட்டித்துவிடுங்கள்.