புஜ்ஜி இன்னும் பழகல

— அங்கியே நில்லு பாவா, கால வெச்சுடாத. இன்னும் தொடைக்கல.

— மறுபடியுமா?

— ஒரு நிமிசம். பினாயில் ஊத்திட்டேன், இதோ ஆச்சு.

— அனு, ராத்திரி பூரா மெசினாண்ட நின்னுட்டு வர்றேன். கம்பெனி பஸ்ஸுல கூட உக்கார எடமில்ல. வீட்டுக்கு வந்தா நீயும் வாசல்ல நிக்க வெக்கிற. இன்னா பொழப்பு இது?

— நீ வர்றதுக்குள்ள தொடைச்சுடணும்னுதான் தெனம் பாக்கறேன். இன்னிக்கு அசந்துட்டேன். நேத்து மலைக்கோயில்ல கிருத்திகை கூட்டம் இல்லியா, வேன்காரன் பைபாஸ்லியே எறக்கி வுட்டுட்டான். அங்கருந்து நடந்து வந்து, சோறாக்கி, பாத்திரம் கழுவி... படுத்ததுதான் தெரியும்.

— போதும், நான் தாண்டி வந்துட்டேன். கேளு. பச்சையப்பனாண்ட பேசிட்டேன்.

— எந்த பச்சையப்பன்?

— என் ஷிஃப்டுல இருக்கானே, திருவாலங்காட்டுக்காரன். அவங்களுக்கு கரும்புத் தோட்டம் இருக்குது. காவலுக்கு நாய் வோணுமாம். ஆறரைக்கு வண்டி எடுத்துகினு வர்றான். புஜ்ஜிய குடுத்துடலாம்.

— இன்னிக்கேவா?

— ஆங், இன்னிக்கே. நாளைக்குன்னு சொன்னா நீ ஏதாவது சொல்லுவே. நான் தூங்கிடுவேன். அப்டியே இன்னொரு மாசம் போயிடும்.

— மோனிஷா எழுந்து கேட்டா இன்னா சொல்றது?

— கொழந்த ரெண்டு நாள் அழுவும். மூணாவது நாள் அதுவே மறந்துடும்.

— இன்னும் கொஞ்ச நாள் பாரு பாவா. குட்டிதானே. பழகிடும்.

— குட்டியா? ரெண்டு மாசம் சோறு போட்டாச்சு, கன்னுக்குட்டியாட்டம் வளந்துகினு இருக்குது. செல்லுல நாய் வீடியோ போடற ஆளு சொன்னது எல்லாத்தியும் செஞ்சோமா இல்லியா? பேப்பர் விரிச்சோம், கிழிச்சி வெளையாடுது. வினிகர் தெளிச்சோம், வீடே ஊறுகா கடையாட்டம் ஆச்சு. ரெண்டு மணிக்கொரு வாட்டி வெளிய இட்டுகினு போவணும்னான். யாரு போவறது? நீ காலைல வேன் ஏறினா சாயந்திரம்தான் வர்ற. நான் ராத்திரி போயி காலைல வர்றேன். பகல்ல நான் தூங்கறதா, நாய்க்கு டூட்டி பாக்கறதா?

— பகல்ல நீ ஒண்ணும் பாக்க வோணாம். அது தானா போவுது. பக்கத்து வூட்டு சுஜாதா அக்காவே சொன்னாங்க. ‘பயடிக்கி போ’ன்னா ஓடிப் போயி முருங்க மரத்தாண்ட நிக்குதாம்.

— தெலுங்குலியா?

— ஆந்திரா பக்கம், நகரி ஊர்ல பொறந்த குட்டி. நம்ம ‘வெளிய போ’ அதுக்கு இன்னா தெரியும்?

— அது சரி. நாய்க்கு ரெண்டு பாஷை தெரியுது, ஒரு புத்தி இல்ல. பகல்ல தெரியற மரம் ராத்திரி தெரியலியா? இத்த பாரு. ஹால்லருந்து கோடு போட்டாப்ல ஈரம். பாத்ரூம் வாசல் வரைக்கும் வர தெரியுது, உள்ள போவ தெரியல!

— மெதுவா பேசு.

— யாரு கேக்கப் போறாங்க? நைனா டீக்கடைல குந்தினு இருக்காரு, பாத்துட்டுத்தான் வந்தேன்.

— மாமா இப்ப வந்துடுவாரு. பால் வாங்கினு வர்றேன்னாரு.

— அவுருக்காகத்தான் நான் இத்த செய்றேன். சர்க்கரை ஆலைல முப்பது வருசம், மடிப்பு கலையாத சட்டை, மடிப்பு கலையாத வேட்டி. அந்த மனுசன் இந்த வயசுல விடியறதுக்கு முன்னாடி கொல்லைல குந்திகினு தன் வேட்டிய தானே தொவைச்சுகினு இருக்காரு. மெசின் இருக்குதே நைனான்னேன். நாய் மேல படுத்துச்சுடா, முடி ஒட்டிகிச்சுன்னாரு. எனக்கு மனசே ஆறல அனு.

— நான் தொவைக்கிறேன்னுதான் கேக்கறேன். குடுக்கமாட்டேன்றாரு.

— குடுக்கமாட்டாரு. யாருக்கும் தொல்லை குடுக்கக் கூடாதுன்னு நெனைக்கிற ஆளு. அம்மையார்குப்பத்து கல்யாணத்துக்கே வரலியே! சொந்த தங்கச்சி பேத்தி கல்யாணம். அத்தை போன்ல அழுவுது. ராத்திரி தங்கணும்னதும், நாய யாருடா பாத்துப்பாங்க, நீங்க போயிட்டு வாங்கன்னுட்டாரு. ஒரு நாயிக்காக தங்கச்சிய வுட்டுட்டாரு அனு.

— நாய்க்காக இல்ல... அவுருக்கு அலைச்சல் ஆவாது. அதான்.

— அலைச்சல் ஆவாதவரு போன வருசம் மலைப்படி முன்னூத்தி அறுபத்தஞ்சும் ஏறினாரு. என்னாண்ட சொல்லாத.

— சரி, அந்த அட்டைப்பெட்டிய கீழ வை. அதுக்கு பயம் வந்துடுச்சு பாரு.

— பயமா? என் கால நக்கினு இருக்குது. கொஞ்சமாவது வெக்கம் இருக்குதா பாரு இதுக்கு. அன்னிக்கு ஈரத்துல மூக்க புடிச்சி தேய்ச்சேன், அடுத்த நிமிசம் வால ஆட்டினு வந்து நிக்குது.

— அத்த மட்டும் இனிமே செய்யாத பாவா. உன் கைய புடிச்சி கேக்கறேன்.

— எங்க வூட்ல முன்னாடி நாய் வெச்சிருந்தப்ப அப்டிதான் பழக்கினோம்.

— புஜ்ஜி வாயில்லா ஜீவன். அதுபாட்டுக்கு படுத்துகினு இருந்துச்சு. நீ இழுத்துகினு வந்து தேய்க்கிற. கத்தினு இருக்குது. அன்னிக்கு மாமா சாப்பாட்ட தொடல, தெரியுமா உனக்கு?

— எப்டி தொடுவாரு? அந்த நாத்தத்துல யாருக்கு சோறு எறங்கும்?

— நாத்தம், நாத்தம். அந்த வார்த்தைய வுடு பாவா, நீ.

— நான் வுடறேன், வீடு வுடலியே. அனு, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. எனக்கு ராத்திரி டூட்டி இல்லாத அன்னிக்கு ஒரு வாட்டி எழுந்து, இன்னாடா வூட்ல ஒரு மாதிரி நாத்தம் அடிக்குதேன்னேன். நைனாவும் இருந்தாரு, நீயும் இருந்த. யாரும் வாய தெறக்கல. நாலு நாள் கூட ஆவல, இத்த கொண்ணாந்து நிறுத்தற. இருக்கிற நாத்தம் பத்தலன்னா?

— கல்பனா குடுத்தா. என்கூட வேலை செய்றவ. வேணாம்னு சொல்ல முடியல.

— அன்னிக்கு அப்டி சொல்லல நீ. மலைலருந்து கொரங்கு எறங்கி வருது, வெரட்டறதுக்குன்னே. கொரங்கு வந்து தோசை மாவ கவுத்துட்டு போச்சு, இது கட்டில் கீழ பூந்துகிச்சு. அப்புறம் மோனிஷாவுக்கு தொணைன்னே. இப்ப கல்பனான்ற.

— எல்லாந்தான்.

— கண்ண பாத்து சொல்லு.

— எனக்கு வேன் வந்துடும் பாவா. டிபன் பாக்ஸ் கட்டணும். சாயந்திரம் பேசலாம். பச்சையப்பனுக்கு போன் போட்டு வர வோணாம்னு சொல்லு.

— அவன் பாதி தூரம் வந்திருப்பான்.

— நான் நாளைலருந்து மூணு மணிக்கே எழுந்துக்கறேன். நீ வர்றதுக்குள்ள வீடு காஞ்சு கெடக்கும். உன் கண்ணுலியே படாது.

— மூணு மணிக்கு எழுந்து, தொடைச்சி, சோறாக்கி, எட்டு மணி நேரம் உன் கம்பெனில நிக்கப் போறியா? உன் மூஞ்சிய கண்ணாடில பாத்தியா? கண்ணுக்கு கீழ கருப்பா கெடக்குது. போன வாரம் வேன்லியே தூங்கி நாகலாபுரம் வரைக்கும் போயிட்டியே, மறந்துட்டியா?

— அது ஒரு நாள்.

— எனக்கு நாய் மேல கோவமில்ல அனு. சத்தியமா இல்ல. ராத்திரி மெசினாண்ட நிக்கறப்ப உன்னதான் நெனைச்சுகினு இருந்தேன். நம்ம ரெண்டு பேரும் பாத்துக்கறதே இந்த அரை மணி நேரம். அதுல பாதி நேரம் நீ கீழ குந்தி தொடைக்கிற, மீதி நேரம் நான் கத்தறேன். நாம பேசி எவ்ளோ நாளாச்சு? அந்த துணிய இப்டி குடு, கைய காட்டு. பாரு, பினாயில்ல தோல் உரிஞ்சு கெடக்குது.

— எரியல. பழகிடுச்சு.

— நாய் பழகறதுக்குள்ள நீ பழகிட்டே. நல்லா இருக்குது.

— அழுவ வெக்காத காலங்காத்தால.

— அழு. ஆனா நாய குடுத்துடு. பச்சையப்பன் நல்லவன், கட்டிப் போட மாட்டான். தோட்டம், வாய்க்கா, ஓடி ஆட எடம். அது அங்க ராஜா மாதிரி இருக்கும். நீயும் நிம்மதியா தூங்குவே.

— தூங்க மாட்டேன் பாவா.

— ஏன், நாய நெனைச்சினு இருப்பியா?

— இல்ல.

— பின்ன? ... ஆரன் கேக்குது, அவன்தான். கயிறு எங்க வெச்சே?

— குடுக்க மாட்டேன்.

— அனு, வெளையாடாத. தெருவுல நிக்கிறான் அவன். நைனாவும் வந்துட்டாரு பாரு, அவனாண்ட பேசினு இருக்காரு. ஐயோ, இன்னா அது... வண்டி சாவிய எடுத்துகினு தரமாட்டேன்றாரு! இன்னா ஆச்சு இவுருக்கு?

— நாய எடுத்துட்டு போவக் கூடாதுன்றாரு. அதான்.

— நீங்க ரெண்டு பேரும் சேந்துகினீங்களா? எனக்கு ஒண்ணும் புரியல. தெனம் வீட்ட நாறடிக்கிற நாயிக்கு நீயும் காவல், நைனாவும் காவல். உண்மைய சொல்லு. எதுக்குத்தான்டி வாங்கின இந்த நாய?

— கத்தாத, கிட்ட வா. மாமா காதுல விழக் கூடாது. புஜ்ஜி வர்றதுக்கு முன்னாடி மூணு மாசம், நான் இந்த எடத்தத்தான் தொடைச்சுகினு இருந்தேன் பாவா.